ரோமானியக் குடியரசும் இன்றைய குடிமக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோம் என்றால் பேரரசர்கள்தானே நினைவுக்கு வருகிறார்கள். குடியரசு எங்கிருந்து வந்தது?

பாடப்புத்தகமும் சினிமாவும் செய்த வேலை அது. பேரரசர்களுக்கு முன்னால் ஏறக்குறைய 500 ஆண்டுகள் ரோமில் அரசரே கிடையாது. கி.மு. 509இல் டார்குவினியஸ் என்ற கடைசி அரசனை விரட்டிவிட்டோம் என்பது ரோமானியர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கணக்கு. கி.மு. 27இல் அகஸ்டஸ் என்ற பட்டத்தைப் பெற்றவர் முதல் பேரரசர் ஆனார். இரண்டுக்கும் நடுவில் இருந்ததுதான் குடியரசு. அரசியலைப் பற்றி ரோமானியர்கள் எழுதியதில் ஆழமானவை பலவும் அந்தக் குடியரசு சரியும் காலத்தில், சரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதியவை. அதனால்தான் அவற்றை இன்னும் படிக்கிறோம்.

'ரெஸ் பப்ளிகா' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள், சொத்து, விவகாரம். 'பப்ளிகா' என்றால் மக்களுக்கு உரியது. ஆக, பொதுச்சொத்து. ஆங்கிலேயர்களின் 'ரிபப்ளிக்' இதிலிருந்து வந்ததே. கி.மு. 54க்கும் 51க்கும் இடையில், பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ தன் நூல் ஒன்றில் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். பொதுச்சொத்து என்பது மக்களின் சொத்து. ஆனால் எப்படியோ ஓரிடத்தில் கூடிவிட்ட கும்பலை மக்கள் என்று சொல்ல முடியாது. எது நியாயம் என்பதில் உடன்பட்டு, நன்மை தீமையைச் சேர்ந்து பங்கிட்டுக்கொள்கிறவர்களே மக்கள்.

அதே நூலில் அவர் சிசிலித் தீவின் சிராகூஸ் நகரத்தைக் காட்டுகிறார். அழகான துறைமுகம், அகன்ற தெருக்கள், கோயில்கள், மதில்கள் எல்லாம் இருந்தும், டயோனீசியஸ் என்ற கொடுங்கோலன் ஆண்ட காலம்வரை அது குடியரசு இல்லை என்கிறார். காரணம் எளிது. அங்கே எதுவும் மக்களுடையதாக இல்லை, மக்களே ஒருவனுடைய சொத்தாக இருந்தார்கள். ஊர்க் கிணற்றைச் சுற்றி ஒருவர் வேலி போட்டுக்கொண்ட பிறகு, 'பொதுக் கிணறு' என்ற பலகை மட்டும் தொங்கி என்ன பயன்?

இந்த நூலே பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. 1819இல் வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்சலோ மாய் என்பவர் ஒரு பழைய தோல் சுவடியைப் பார்த்தபோது, மேலே புனித அகுஸ்தீனாரின் சங்கீத விளக்கமும், அதற்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்ட சிசரோவும் இருந்ததைக் கண்டுபிடித்தார். அப்போதும் முழுதாகக் கிடைக்கவில்லை.

ஏன் இரண்டு கான்சல்கள்? ஒரு தலைவர் போதாதா?

ஒருவர் போதும் என்று நினைத்துத்தான் அரசனை வைத்திருந்தார்கள். பட்ட பாடு போதும் என்று இருவரை வைத்தார்கள். இருவருக்கும் ஒரே அதிகாரம், ஓர் ஆண்டுதான் பதவி, ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். பதவி முடிந்ததும் வழக்குப் போடலாம். கான்சலுக்கு முன்னால் 12 ஏவலர்கள் பிரம்புக்கட்டோடு நடப்பார்கள். அந்தக் கட்டுக்குள் கோடரி இருக்கும். நகர எல்லைக்குள் மட்டும் கோடரியை எடுத்துவிட வேண்டும். குடிமகனை விசாரிக்காமல் வெட்ட முடியாது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியவைக்க இதைவிட நல்ல வழி இருக்குமா தெரியவில்லை.

பிணைக்கைதியாக ரோமுக்கு வந்த கிரேக்கர் பாலிபியஸ் இந்த அமைப்பைப் பார்த்து வியந்தார். கான்சல்கள், பெரிய மனிதர்களின் அவையான செனட், மக்கள் மூவரும் ஒருவரையொருவர் தடுக்கவும் முடியும், ஒருவரில்லாமல் மற்றவரால் காரியம் நடத்தவும் முடியாது என்று எழுதினார். 1787-88இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துக் கட்டுரை எழுதியவர்கள் 'பப்ளியஸ்' என்ற ரோமப் பெயரில் எழுதியது தற்செயல் இல்லை.

ஏழைகளின் குரல் எப்படிக் கேட்டது?

வேலைநிறுத்தம் செய்துதான். கி.மு. 494இல் கடன் தொல்லை தாங்காத சாதாரண மக்கள் நகரத்தை விட்டே வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள் என்பது வழிவழியாக வந்த வரலாறு. படைக்கு ஆள் வேண்டுமே! பேச்சுவார்த்தை நடந்து, 'ட்ரிப்யூன்' என்ற பதவி பிறந்தது. ட்ரிப்யூன்மீது கை வைக்கக் கூடாது. எந்த அதிகாரியின் ஆணையையும் அவர் 'வீட்டோ', அதாவது 'நான் தடுக்கிறேன்' என்று சொல்லி நிறுத்தலாம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும் என்பது வழக்கம். யார் எப்போது வேண்டுமானாலும் ஓடிவந்து முறையிடலாம். எனக்கு அந்தத் தடை அதிகாரத்தைவிட இந்தத் திறந்த கதவுதான் பிடித்திருக்கிறது.

பின்னாளில் ட்ரிப்யூன்கள் பத்துப் பேர் ஆனார்கள். அப்புறம் செல்வந்தர்களுக்கு வேலை சுலபம்: பத்தில் ஒருவரைத் தங்கள் பக்கம் இழுத்தால் போதும், எதையும் தடுத்துவிடலாம்.

ஓட்டுக்குப் பணம் ரோமிலும் உண்டா?

உண்டு. ஆளும் ஏற்பாடும் வைத்து நடத்தினார்கள். வேட்பாளர் சுண்ணம் பூசிப் பளபளக்கும் வெள்ளை அங்கியில் சுற்றிவருவார். ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் சொல் அந்த வெள்ளையிலிருந்து வந்தது. சுற்றி வந்து ஆதரவு திரட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்த 'அம்பிட்டஸ்', தேர்தல் லஞ்சத்துக்கே பெயரானது. பணத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'டிவிசோரெஸ்', பங்கிடுபவர்கள், என்றே பெயர். முடிவு தெரியும்வரை பணத்தைக் கையில் வைத்திருக்கும் இடைத்தரகர்களும் உண்டு.

சட்டம் போடாமல் இல்லை. கி.மு. 181இல் ஒன்று, 67இல் ஒன்று, 63இல் சிசரோவே கான்சலாக இருந்து பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனையோடு ஒன்று. ஒரே குற்றத்துக்குத் திரும்பத் திரும்பச் சட்டம் வந்தால் என்ன அர்த்தம் என்று வாசகருக்கே தெரியும். கி.மு. 54 கான்சல் தேர்தலில் லஞ்சத்துக்காகக் கடன் வாங்கியவர்கள் அத்தனை பேர். ரோமில் வட்டி விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காட்டிலிருந்து 8ஆக ஏறிவிட்டது என்று சிசரோ கடிதத்தில் எழுதுகிறார்.

இவற்றுக்கெல்லாம் நடுவில் உருப்படியாக நடந்த காரியம் ஒன்று உண்டு. கி.மு. 139இல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கு வந்தது. அதற்கு முன் வாயால் சொல்ல வேண்டும், பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்று கேட்பார்கள். வாக்குப் போடப் போகும் வழி ஒரு சிறு பாலம் மாதிரி இருக்கும். அந்தப் பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பதும் காதில் ஓதுவதும் நடந்தன. கி.மு. 119இல் ட்ரிப்யூனாக இருந்த மாரியஸ் பாலத்தின் அகலத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தார். வாக்காளர் மட்டும் நடக்கலாம், பக்கத்தில் நிற்க இடமிருக்காது. செனட் எதிர்த்தது, மாரியஸ் மசியவில்லை. தச்சுவேலை அளவுக்குச் சின்னத் திருத்தம், பெரிய தண்டனைச் சட்டங்கள் சாதிக்காததைச் சாதிக்கும் வழி அது.

செலவழித்த பணத்தை எங்கே எடுப்பார்கள்?

மாகாணங்களில். கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரெஸ், தன் மூன்றாண்டு வருமானத்தை இப்படிப் பிரித்துவைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டாராம்: ஓராண்டுச் சம்பாத்தியம் தனக்கு, இன்னோராண்டு தன்னைக் காப்பாற்றும் வழக்கறிஞர்களுக்கு, மிகக் கொழுத்த மூன்றாமாண்டு நீதிபதிகளுக்கு. சொன்னதாகச் சொல்பவர் அவர்மீது வழக்கு நடத்திய சிசரோ, ஆகவே கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம். ஆனால் சிசரோ சிசிலி முழுக்க அலைந்து திரட்டிய சாட்சியங்களை நீதிமன்றத்தில் வைத்ததும், தீர்ப்புக்குக் காத்திராமல் வெர்ரெஸ் மசாலியாவுக்கு, இன்றைய மார்செய்க்கு, ஓடிவிட்டார். ஓட்டு விலைக்குப் போன இடத்துக்கும் கொள்ளை போன கோயில் சிலைக்கும் நடுவே கடல் இருந்தது. அதனால் ரோமில் காசு வாங்கியவருக்குத் தான் யார் சொத்தை விற்றோம் என்றே தெரியாமல் போனது.

நான் எந்தத் தப்பும் செய்வதில்லை, என் வேலையைப் பார்க்கிறேன். அது போதாதா?

சிசரோவிடம் கேட்டால் போதாது என்பார். கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு எழுதிய 'கடமைகள்' என்ற நூலில், அநீதி இரண்டு வகை என்கிறார். ஒன்று, தான் செய்வது. மற்றது, தடுக்க முடிந்தும் தடுக்காமல் இருப்பது. ஏன் தடுப்பதில்லை என்பதற்கு அவர் தரும் காரணங்களைப் படித்தால் நம் தெருவில் உட்கார்ந்து எழுதியது போலிருக்கும். பகை வேண்டாம், அலைச்சல் வேண்டாம், செலவு வேண்டாம், அப்புறம் சோம்பல், இல்லை தன் வேலையே பெரிது. 'யாருக்கும் கெடுதல் செய்யாமல் என் பாட்டைப் பார்க்கிறேன்' என்பவர்கள் ஒரு வகை அநீதியிலிருந்து தப்பித்து இன்னொரு வகைக்குள் விழுகிறார்கள் என்கிறார். கூட்டு வாழ்வுக்குத் தங்கள் பங்கைக் கொடுக்காமல் அதைக் கைவிட்டுவிடுகிறார்களாம்.

அதே நூலில் ஒரு தானிய வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு முதலில் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவதை வழியில் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா? டயோஜெனெஸ் என்ற தத்துவவாதி, கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, சரக்கு நல்லதா என்பதே கேள்வி என்றார். அவருடைய மாணவர் ஆண்டிபாட்டர், வாங்குபவருக்குத் தெரியாத எதையும் மறைக்கக் கூடாது என்றார். சிசரோ மாணவர் பக்கம். பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. ஆனால் உனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருப்பதிலேயே உன் லாபம் இருந்தால், அது மறைப்புதான் என்கிறார். வீட்டு மனை வாங்கியவர்களுக்கு இந்த வாக்கியம் சட்டென்று புரியும்.

சிசரோவைச் சாமியாக்க வேண்டாம். கி.மு. 63இல் சதி செய்ததாகப் பிடிபட்ட குடிமக்களை விசாரணை இல்லாமல் கொல்ல உத்தரவிட்டவரும் அவரே. பிரம்புக்கட்டில் கோடரி இல்லாத ஊரில்! அதற்காகப் பின்னர் நாட்டைவிட்டுப் போகவும் நேர்ந்தது.

தண்ணீர், சாக்கடை, சாலை பற்றியெல்லாம் ரோமானியர்கள் யோசித்தார்களா?

என்னைக் கேட்டால், ரோமில் கற்க வேண்டிய சிறந்த பாடம் இங்கேதான் இருக்கிறது. தெரு, சந்தை, எடைக்கற்கள், நீர் இவற்றைக் கவனிக்க 'எடில்' என்ற அதிகாரிகள் இருந்தார்கள். மேலே ஏறத் துடிப்பவர்களுக்கு அது ஒரு படிக்கட்டு மட்டுமே. ஆனால் கி.மு. 33இல் அகிரிப்பா என்ற படைத்தலைவர், கான்சலாகவே இருந்து முடித்த பிறகு, இறங்கிவந்து எடில் ஆனார். நீர்வழிகளைப் பழுதுபார்த்தார், சாக்கடைகளைச் சுத்தம் செய்ய வைத்து, பெரிய சாக்கடைக்குள் தானே படகில் போய்ப் பார்த்தார். அவருடைய தலைவருக்கு, பின்னாளில் அகஸ்டஸ் ஆனவருக்கு, ஆதரவு திரட்டும் அரசியலும் அதில் இருந்தது, சரி. சாக்கடை சுத்தமானது உண்மை.

அடுத்தவர் ஃப்ரோண்டினஸ். இவர் பேரரசுக் காலத்தவர். கி.பி. 97இல் ரோமின் நீர் ஆணையராக அமர்த்தப்பட்டார். பெரிய பதவிகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர், முதல் வேலையாகத் தனக்காகவே ஒரு கையேடு எழுதத் தொடங்கினார். உதவியாளர்கள் சொல்லித் தருகிறபடி தன் பதவியை நடத்துவதைவிட மானமுள்ளவனுக்கு வெட்கக்கேடு வேறில்லை என்று தொடக்கத்திலேயே காரணமும் சொல்கிறார்.

அப்போது நகரத்துக்கு ஒன்பது நீர்வழிகள் வந்தன. பதிவேட்டைப் பார்த்தார், பிறகு போய்த் தானே அளந்தார். கணக்கு உதைத்தது. ஏட்டில் உள்ளதைவிட அதிகத் தண்ணீர் தலைமடையில் உள்ளே வருகிறது. ஆனால் உரியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் என்ன ஆனது? அனுமதி பெற்றவரின் குழாய் வாய்க்கு இன்ன அளவு என்று வெண்கலத்தில் செய்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத அகலமான வாய்கள் மாட்டப்பட்டிருந்தன. வீடு கைமாறினால் புதியவருக்குப் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் அதில் வரும் தண்ணீரை நீர்ப் பணியாளர்கள் விற்றார்கள். தெருக்களுக்கு அடியில் ரகசியக் குழாய்கள் ஓடின. இந்தத் துளை வியாபாரத்தைக் கவனிக்கவே ஓர் ஆள், 'துளைக்காரர்' என்ற பட்டப்பெயரோடு இருந்தாராம். அவற்றைப் பிடுங்கியபோது ஏராளமான ஈயம் கிடைத்தது என்று எழுதுகிறார்.

பராமரிப்புக்கு 700 பேர் இருந்தார்கள். பலரைப் பெரிய மனிதர்கள் சொந்த வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ரோண்டினஸ் செய்தது இவ்வளவே: நாளை என்ன வேலை என்பதை முந்தின நாளே எழுதிவைப்பது, அன்றன்று என்ன நடந்தது என்பதைப் பதிவேட்டில் ஏற்றுவது. உங்கள் பகுதியில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கப் போகிறவர், திறந்துவிட்ட அளவு என்ன, வந்து சேர்ந்த அளவு என்ன என்ற இரண்டு எண்களோடு போனால், பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இவ்வளவு தடுப்புகள் இருந்தும் குடியரசு ஏன் விழுந்தது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. விரிந்த பேரரசு, தளபதியின் தயவில் நிலம் எதிர்பார்த்த படைகள், நிலமிழந்த உழவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் எழுதாத வழக்கங்கள் ஒவ்வொன்றாக உடைந்ததைக் கவனியுங்கள். 'முன்னோர் வழக்கம்' என்று ரோமானியர்கள் மரியாதையோடு சொன்னவை அவை.

கி.மு. 133இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற ட்ரிப்யூன், செல்வந்தர்கள் அளவுக்கு மீறிப் பிடித்துவைத்திருந்த அரசு நிலத்தை ஏழைகளுக்குப் பிரிக்கச் சட்டம் கொண்டுவந்தார். நியாயமான காரியம்தான். ஆனால் வழக்கப்படி செனட்டைக் கலக்கவில்லை. சக ட்ரிப்யூன் ஆக்டேவியஸ் தடை போட்டார், வழக்கமில்லாத அளவுக்கு விடாப்பிடியாக. டைபீரியஸ் மக்களை வாக்களிக்க வைத்து அவரையே பதவியிலிருந்து இறக்கினார். அதுவரை யாரும் செய்யாதது. பிறகு மீண்டும் பதவிக்கு நின்றார். செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களோடு வந்து அவரையும் 300 பேரையும் அடித்துக் கொன்று, உடல்களை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தம்பி காயஸுக்கும் அதே கதி. அந்தக் கொலைகளை நடத்திய கான்சல் ஒபீமியஸ், அதன் பிறகு ஒற்றுமைத் தேவதைக்குக் கோயில் கட்டினார். 'வெறிகொண்ட பிளவு எழுப்பிய ஒற்றுமைக் கோயில்' என்று யாரோ இரவில் அதன்மேல் எழுதிவிட்டுப் போனார்களாம்.

ஒவ்வொரு படியிலும் இரு தரப்புக்கும் 'அவன்தான் முதலில் ஆரம்பித்தான்' என்று சொல்ல முடிந்தது. அவசர காலத்துக்கு 'டிக்டேட்டர்' என்ற தனி அதிகாரி உண்டு, உச்சவரம்பு ஆறு மாதம். சின்சின்னாட்டஸ் 16 நாளில் வேலையை முடித்து வயலுக்குத் திரும்பினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். கி.மு. 82இல் சுல்லா என்ற தளபதி அதே பதவியைக் கால வரம்பில்லாமல் எடுத்துக்கொண்டார். அவராகவே பின்னர் விலகினார். கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். பதவியின் பெயர் மூவருக்கும் ஒன்றே.

அகஸ்டஸ் குடியரசை ஒழித்ததாக அறிவித்தாரா?

மீட்டுக் கொடுத்ததாக அறிவித்தார்! செனட் கூடியது, கான்சல்கள் வந்து போனார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி நம் ஊர் மண்ணிலேயே கிடக்கிறது. கோவை, கரூர்ப் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் ஒரு வகை அடிக்கடி வரும். ஒரு பக்கம் அகஸ்டஸ் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள், காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் பேரர்கள், அவர் தத்தெடுத்தவர்கள். சுற்றியுள்ள எழுத்து அவர்களைக் 'கான்சலாகக் குறிக்கப்பட்டவர்கள்' என்கிறது. சுல்லா காலத்து விதிப்படி கான்சலாக 42 வயது ஆக வேண்டும். மூத்தவன் காயஸை அப்படிக் குறித்தபோது அவனுக்குப் பதினைந்துகூட நிறையவில்லை. மிளகு விற்ற காசாக இங்கே வந்து சேர்ந்த துண்டு வெள்ளியில் அது அச்சாகிக் கிடக்கிறது.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இதில் இடம் இருந்ததா?

ஓட்டு இல்லை. இருவருக்கும். ஆண்களிலும், கான்சலைத் தேர்ந்தெடுக்கும் பேரவை 193 பிரிவுகளாக இருந்தது. சொத்தில்லாதவர் அனைவரும் ஒரே பிரிவில். பணக்காரப் பிரிவுகள் முதலில் வாக்களிக்கும், பெரும்பான்மை கிடைத்ததும் எண்ணிக்கை நிற்கும். ஏழையின் முறையே பெரும்பாலும் வராது. ரோமைப் புகழும் எவரும் இதைச் சொல்லாமல் நகரக் கூடாது.

ஆனால் ஹார்ட்டென்சியா என்ற பெண்ணைச் சொல்ல வேண்டும். கி.மு. 42இல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் பணக்காரப் பெண்கள் 1,400 பேர்மீது வரி போட்டார்கள். பெண்கள் முதலில் ஆட்சியாளர் வீட்டுப் பெண்களிடம் போனார்கள். ஆட்சியாளர்களில் ஒருவரான அந்தோணியின் மனைவி ஃபுல்வியா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நேரே மன்றத்துக்கு நடந்தார்கள். பதவியிலும் ஆட்சியிலும் எங்களுக்குப் பங்கில்லை, பிறகு வரி மட்டும் ஏன் என்று ஹார்ட்டென்சியா கேட்டார். விரட்டச் சொன்னார்கள், கூட்டம் கூச்சலிட்டுத் தடுத்தது. மறுநாள் 1,400 என்பது 400 ஆனது.

உள்ளூர்த் தேர்தல்கள் எப்படி இருந்தன?

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரச் சுவர்களில் 2,500க்கும் மேற்பட்ட தேர்தல் விளம்பரங்கள் மிஞ்சியிருக்கின்றன. பழ வியாபாரிகள் ஆதரவு, பொற்கொல்லர்கள் ஆதரவு என்று போகும். ஓட்டில்லாத பெண்கள்கூட இன்னாருக்குப் போடுங்கள் என்று எழுதவைத்திருக்கிறார்கள். எடில் பதவிக்கு நின்ற வாட்டியா என்பவருக்குத்தான் பாவம், 'இரவெல்லாம் குடிப்பவர்கள் எல்லோரும் ஆதரவு', 'சில்லறைத் திருடர்கள் ஆதரவு', 'தூங்குமூஞ்சிகள் அனைவரும் ஆதரவு' என்று யாரோ எழுதிவிட்டார்கள்.

இவற்றை எழுதத் தொழில்முறை ஓவியர்கள் இருந்தார்கள், இரவில் வந்து எழுதுவார்கள். ஒரு விளம்பரத்தின் ஓரத்தில், வேட்பாளருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வரி கிடக்கிறது: 'விளக்குக்காரா, ஏணியைப் பிடி.'